மூன்று கோட்டிலும் பதினேழு

"மிஸ், மூணு கோட்டுலயும் ஒரே நம்பரை எழுதலாமா?"

கடைசி வரிசைப் பையன் கேட்டதும் வகுப்பே சிரித்தது. சிரிப்பின் பொருள் ஆய்வாளருக்கு அப்போது விளங்கவில்லை. பள்ளிகளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் வதைப்பதைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய வந்தவர் அவர். யாருடைய பெயரும் தாளில் வந்துவிடக் கூடாதென்று பிள்ளைக்கொரு எண் கொடுத்து, பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். 'உன் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது?' என்ற கேள்விக்குக் கீழே மூன்று கோடுகள். பெயரை மறைத்துவிட்டால் யார் மனமும் புண்படாது என்று நல்ல மனசோடுதான் நம்பினார்.

"உன் இஷ்டம்ப்பா," என்றார், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"டேய், பதினேழுடா," என்று கடைசி வரிசையில் ஒரு கிசுகிசுப்பு கிளம்பியது. அது பெஞ்சு பெஞ்சாக இறங்கி முதல் வரிசைக்கு வந்து சேர்ந்தது. பதினேழு என்பது சன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்த திக்குவாய்ச் சிறுமி. அதுவரை அவளுக்குக் 'கொரகொர ரேடியோ' என்று பட்டப்பெயர். அன்றோடு அந்தப் பெயர் போனது.

மதியம் ஆய்வாளர் மாடிப்படி இறங்கும்போது கோப்பின் நாடா அறுந்து, தாள்கள் முற்றத்துச் சேற்றில் பறந்து விழுந்தன. மாடியில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். இறங்கி வந்தவள் அந்தச் சிறுமி மட்டும்தான்.

"ஒ... ஒண்ணுலேர்ந்து முப்பத்தி நாலு வரைக்கும் அடுக்கிட்டேன் மிஸ். சே... சேறு பட்டதைத் துடைச்சிட்டேன்."

எல்லாத் தாளிலும் தன் எண் மும்மூன்றாக நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை. ஆய்வாளர் பதினேழாவது தாளைத் தேடி எடுத்தார். அதிலும் பதினேழு, பதினேழு, பதினேழு.

"நீயே ஏன்மா இப்படி எழுதின?"

"எல்லாரும் அ... அதான் எழுதினாங்க. நான் மட்டும் வேற எழுதினா தப்பாயிடும்ல மிஸ்?"

மேலிருந்து ஒரு சுண்ணாம்புக்கட்டி வந்து அவள் தோளில் விழுந்தது. "பதினேழு மிஸ்ஸுக்கு ஐஸ் வைக்குது," என்றது ஒரு குரல். அவள் தோளைத் தட்டிக்கொண்டு போனாள். ஆய்வாளர் நன்றி சொல்ல மறந்துவிட்டார். தலைமையாசிரியையிடம் முடிவைச் சொல்லும் அவசரம் அவருக்கு. பேராசிரியரிடமும் தொலைபேசியில் சொன்னார்.

"முப்பத்தி நாலுக்கு முப்பத்தி நாலா?" என்றார் பேராசிரியர். "இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு தவம் கிடந்தேன்மா. இந்த ஒரு வகுப்பை வச்சே நீ பட்டம் வாங்கிடலாம்."

மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் பள்ளிக்குப் போனபோது நடைச்சுவரில் 17 என்று எழுதிக் குறுக்கே கோடு கிழித்திருந்தது. உள்ளே வருகைப்பதிவு எடுத்த ஆசிரியரே, "என்ன பதினேழு, வாய்ல கொழுக்கட்டையா? பதில் வரலை?" என்று கேட்க, வகுப்பு சிரித்தது.

தலைமையாசிரியை நாற்காலி காட்டினார். "வாங்கம்மா. அந்தத் தாளெல்லாம் நாளைக்கு நிர்வாகக் கூட்டத்துக்கு வேணும். எல்லாரும் ஒரே பிள்ளையை வேணாங்கறாங்கன்னா கோளாறு யார்கிட்ட? முப்பத்தி மூணு பேரைத் திருத்தறதுக்குப் பதிலா ஒருத்தியை வேற பள்ளிக்கூடம் அனுப்பிடலாம்."

"மேடம், அது அடி வாங்கற பிள்ளை."

"அவளே அப்படித்தானே எழுதியிருக்கா? அவ அம்மா வந்து கேட்டா பிள்ளையோட கையெழுத்தையே காட்டிடுவேன்."

ஆய்வாளர் எழுந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தார். துறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முதலில் தலைமையாசிரியை, பேராசிரியர் இருவருக்கும் ஒரே கடிதம் எழுதினார்: 'பெயர் வெளியே வராது என்று பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அந்த வகுப்பை ஆய்விலிருந்து நீக்கிவிட்டேன். தாள்கள் இனி இல்லை.' அனுப்பியபின் தாள் கிழிக்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஓராண்டு உழைப்பு போயிற்று; இனி வேறு பள்ளி, வேறு முறை, முதலிலிருந்து.

சிறுமி அடுக்கித் தந்த வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். பதினேழாவதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டார். அதன் ஓரத்தில் சேற்றைத் துடைத்த சின்ன விரலின் தடம் இருந்தது. அன்று சொல்லாத நன்றியை அதனிடம் மெல்லச் சொல்லிவிட்டு, அதையும் உள்ளே விட்டார்.