நாலாங்கட்டத்துப் புல்

ருக்குமணியின் இடுப்பில் தொங்கிய சாவி பீரோ சாவியல்ல, புல்லுச் சாவி. புல்லுக்குப் பூட்டுப் போட்ட பொம்பளையை உலகத்திலேயே இங்கேதான் பார்க்கிறோம் என்று பிளாக் முழுக்கக் கேலி பேசினார்கள். பேசட்டுமே! அவள் அதை முந்தானையில் மறைக்கக்கூட இல்லை. எல்லார் கண்ணிலும் படும்படி ஆட்டிக்கொண்டேதான் நடப்பாள்.

நிலக்கரி மைன்ஸ்காரர்களின் பழைய குவார்ட்டர்ஸை இடித்துப்போட்ட வெற்றிடம் அது. மாடு ஒன்றுகூட ரோட்டில் திரியக் கூடாது என்ற பேச்சின்பேரில், மாடு வைத்திருந்த சில குடும்பங்களுக்கு அங்கே புல் வளர்க்க அனுமதி கிடைத்தது. செங்கல் துண்டையும் சிமெண்டுக் கட்டியையும் பொறுக்கி எறிந்து, ஆடியில் கொழுக்கட்டைப் புல்லும் அதனூடே முயல்மசால் என்ற தீவனச் செடியும் விதைக்க வைத்தவள் ருக்குமணி. மைன்ஸில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டை வார் வாராகக் கிழித்து வேலி கட்டி, இடத்தை நாலு கட்டமாகப் பிரித்தவளும் அவள்தான். மேய்ச்சலுக்கு ஒரு சட்டமும் போட்டாள். புல் கைப்பிடி உயரத்துக்கு இறங்கியதும் மாடு அடுத்த கட்டத்துக்குப் போய்விட வேண்டும். அதற்கும் கீழே மேயவிட்டால் தூர் செத்துவிடும். தை, மாசியில் கரும்பு வெட்டு நடக்கும்போது நெல்லிக்குப்பம் ரோட்டுக் கொல்லைகளிலிருந்து தோகை கட்டிக்கொண்டு வந்து போட்டு, புல்லுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். நாலாங்கட்டம் மட்டும் மார்கழியோடு பூட்டு. அவள் சொல்லும் நாளில்தான் அது திறக்கும்.

இந்தத் திமிர் அவளுக்குச் சும்மா வந்ததில்லை. அவள் அப்பனுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. சின்ன வயதில் ஒருநாள் வரப்பில் ஒரு கட்டுப் புல் அறுத்தாள். "யாரக் கேட்டு அறுத்த?" என்று கட்டை எட்டி உதைத்துச் சிதறடித்து, அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போனார் வரப்புக்காரர் ஜெயராமன். அப்போது அவர் இளந்தாரி. "வுட்டுடுங்க ஆண்டை" என்று அப்பன் கைகட்டி நின்றது இன்னும் அவள் கண்ணிலேயே நிற்கிறது.

காலம் சும்மா இருக்குமா? ஜெயராமன் நிலம் மைன்ஸுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த மாடுகளோடு இந்தப் பக்கம் குடிவந்து, அவரும் இதே புல்லில் ஒரு பங்குக்காரர் ஆனார். ருக்குமணி அவரை ஆண்டை என்று கூப்பிடவில்லை, அண்ணே என்றாள். முதல் தடவை கூப்பிட்டபோது அவர் முகம் போன போக்கை நினைத்து நினைத்து, அன்றைக்கு அவளுக்குச் சோறு ரெண்டு வாய் கூடவே இறங்கியது.

இரண்டாயிரத்துப் பதினாறு ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. பங்குனி பிறக்கும்போதே மூன்று கட்டமும் மொட்டை. வடலூருக்கு வைக்கோல் வண்டி வந்தால் அடிதடியே நடந்தது. நாலாங்கட்டத்தில் மட்டும் புல் இடுப்பளவு முற்றி, பொன்னாக நின்றது. வேலிக்கு வெளியே மாடுகள் நின்றுகொண்டு அதையே பார்க்கும்.

"சாவிய வெச்சிகினு என்னா பண்ணப்போற?" என்று ஜெயராமன் சண்டைக்கே வந்துவிட்டார். "மாட்டு வெலா எலும்ப எண்ணிகினு ஒக்காந்திருக்கியா?"

"மழ வரட்டும்ண்ணே. வந்ததும் தொறக்கறேன்."

"மழ வந்தாத்தான் எல்லா எடத்துலயும் மொளைச்சிடுமே! அப்பறம் இது எதுக்கு, பொணத்துக்கா?"

அவர் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி, கல்நெஞ்சக்காரி என்று மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனாள்.

ருக்குமணிக்கு மட்டும் நெஞ்சு கல்லா என்ன? அவளுடைய செவலைப் பசு ஏழு மாசச் சினை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, எழுந்திருக்கவே தடுமாறியது. மாடு படுத்துவிட்டால் கன்றும் போச்சு, தாயும் போச்சு. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் அவள் புருஷன் அறிவுச்செல்வன் ஷிப்ட் முடிந்து வந்து, அதன் முதுகைத் தடவிப் பார்த்தான்.

"ஒரு வாட்டி தொறந்து இத மட்டும் வுட்டுட்டுப் பூட்டேன். எவன் பாக்கப்போறான்?"

"கேக்காம அறுத்தவளோட அப்பன்னு எங்கப்பனுக்குப் பேரு. கேக்காம மேச்சவளுன்னு எனக்கும் பேரு வேணுமா?" என்று சீறினாள். சீறிவிட்டு, ஆலந்தழையும் வாழைமட்டையும் தேடிக்கொண்டு கிளம்பினாள். கொண்டுவந்து போட்டு, செவலை மென்று முடிக்கும் வரை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சித்திரை கடைசியில் கோடைமழை கொட்டியது. பிள்ளைகள் நனைந்து ஆடினார்கள். மாடுகளுக்கோ அன்றைக்குத்தான் ஆபத்து ஆரம்பித்தது. இருந்த கொஞ்சம் வைக்கோலும் நனைந்து பூசணம் பிடித்தது. மொட்டைக் கட்டங்களில் புல் நகக்கண் அளவுதான் எட்டிப் பார்த்தது. அதில் மாட்டை விட்டால் அந்த வருஷம் முழுக்கப் புல்லே இல்லை. வெளியில் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சையாக நின்றது ஒன்றே ஒன்று, ரோட்டோரக் கொல்லையில் காய்ந்த சோளக்கட்டை மழைக்குத் துளிர்த்த துளிர்.

காய்ந்த மாடு கம்பில் விழுந்தாற்போல என்பார்கள். ஜெயராமன் பிடித்து வந்த மாடு அந்தக் கொல்லையைக் கண்டதும் அவரையே இழுத்துக்கொண்டு ஓடியது. ருக்குமணி குறுக்கே போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வாடித் துளுத்த சோளம். வெஷம்!"

"எனுக்குத் தெரியாதா?" என்றார் அவர். "தெரிஞ்சேதான் வந்தேன். ஒரு வாய் மேஞ்சிட்டு இழுத்துடலாம்னு. வேற எங்க வுடச் சொல்ற?"

"இந்த நாளுக்குத்தாண்ணே பூட்டி வெச்சேன். வெயில்ல மாடு தழைய கடிச்சிகினாச்சும் கெடக்கும். மழ பேஞ்ச மொத வாரந்தான் அதுக்கு எமன். எங்கப்பன் வெச்சிருந்த ஒரே மாடு அப்பிடித்தான் செத்துச்சு. வா."

கயிற்றை விடாமலே முன்னால் நடந்தாள். செய்தி பரவி, அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லார் மாடும் கதவண்டை வந்துவிட்டது. நிறைசினையாகிவிட்ட செவலையையும் அறிவுச்செல்வன் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தான். ருக்குமணி பூட்டைத் திறந்தாள். முற்றிய புல்லின் அடியில் முயல்மசால் மழையில் நனைந்து இன்னும் பச்சையாகவே இருந்தது. "யம்மாடி!" என்றாள் புஷ்பவல்லி. ருக்குமணிக்கு உடம்பெல்லாம் பெருமை. அதை மறைத்துக்கொள்ள அவள் ஒன்றும் மெனக்கெடவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. முன்னால் நின்ற ஜெயராமன் உள்ளே போகவில்லை.

"என்னண்ணே? தொறந்துதான கெடக்கு."

"ஒன்னக் கேக்காம எப்பிடி வுடறது?" அவர் தலை கவிழ்ந்திருந்தது. "வுடலாமா, ருக்குமணி?"

ருக்குமணி நிதானமாக சாவியை இடுப்பில் செருகினாள். முந்தானையை உதறி வரிந்து கட்டினாள். மாடு பசியோடு நிற்கிறது, பாவம்தான். ஆனாலும் இத்தனை வருஷம் பொறுத்தவள் இன்னும் கொஞ்ச நேரம் அனுபவித்தால்தான் என்ன?

பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

"வுடுண்ணே. கைப்பிடிக்குக் கீழ போவாம பாத்துக்க."