உள்ளே யாரும் இல்லை

கட்டடம் இடிப்பதில் ரமேஷ்குமாரை அடித்துக்கொள்ளச் சேலம் ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. கடப்பாரையைத் தொட்டுப் பழக்கமில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். வெளிநாட்டு சானல்களுக்குச் சண்டைக் கார்ட்டூன் செய்து கொடுக்கிற கம்பெனி ஒன்றில் பத்து வருஷமாக அவனுக்கு இதே வேலை. நாயகன் பறந்து வந்து வில்லனை ஓர் உதை விடுவான். வில்லன் போய்ப் பத்து மாடிக் கட்டடத்தின் மேல் விழுவான். உதைப்பதை வேறு ஆள் செய்வான். அந்தக் கட்டடம் பொலபொலவென்று உதிர்கிறதே, அது இவன் கைவேலை.

அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஜன்னலில் தலை தெரியக்கூடாது, காருக்குள் டிரைவர் இருக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகள் பார்ப்பதல்லவா, அதனால் எந்தக் கட்டடம் விழுந்தாலும் உள்ளே யாரும் இல்லை. ஊரே தரைமட்டமானாலும் ஒருத்தருக்கும் ஒரு கீறல் கிடையாது. நாயகன் ஒரு ஜோக் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். இவ்வளவு பெரிய ஊரில் குடியிருக்க ஒரு நாதி இல்லையா என்று ரமேஷ்குமாரே ஆரம்பத்தில் கேலி பேசியதுண்டு. அப்புறம் அதுவும் பழகிப்போயிற்று.

போன ஐப்பசியில் ராசிபுரத்தில் அவன் பெரியப்பா மகன் தீனதயாளனின் தறி செட் மழையில் ஊறி இடிந்து விழுந்தது. அன்றைக்கு அமாவாசை, தறிக்கு லீவு. லீவு நாளில் உள்ளே யார் இருக்கப்போகிறார்கள் என்று தெருவே சொன்னது. நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் நனைந்துவிடுமே என்று தார்ப்பாய் போட்டு மூட தீனதயாளன் உள்ளே போயிருந்தான். அவன் மனைவி சண்முகப்பிரியா போனுக்கு மேல் போன் போட்டு, எடுக்காமல் போகவே ஓடி வந்து கத்திய பிறகுதான் மண்ணை அள்ள ஆட்கள் இறங்கினார்கள். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

ரமேஷ்குமார் சாவுக்குப் போகவில்லை. படத்தை ஒப்படைக்க ஐந்தே நாள் இருந்தது, லீவு தரமாட்டேன் என்றுவிட்டார்கள். சரி, சாவுக்குப் போகாதவர்கள் பிறகாவது போய்க் கேதம் கேட்டுவிட்டு வருவதுதானே நம் பக்கத்து வழக்கம்? கையைப் பிடித்து நாலு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு வர எத்தனை நேரம் ஆகும்? இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று ஆகிவிட்டது. சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. பாவி மனுஷன், அந்த ஐந்து நாளில் வேறொரு காரியம் செய்தான்.

எதிர்க்கடைக் கேமராவில் செட் விழுந்தது பதிவாகியிருந்தது. சொந்தக்காரர்கள் குரூப்பில் எவனோ அதைப் போட்டான். போட்டவனைக் கண்டபடி திட்டி, அன்று சாயங்காலமே எல்லோரும் அழித்துவிட்டார்கள். சண்முகப்பிரியா கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்று அத்தனை பேரும் கவனமாக இருந்தார்கள். ரமேஷ்குமார் மட்டும் அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொண்டான். அந்த வாரம் பார்த்து அவனுடைய கட்டடம் ஒன்று சரியாக விழமாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. இந்த வீடியோவில் இடது மூலை முதலில் உட்கார்ந்தது, பிறகு கூரை மடிந்தது, தூசி கீழேயிருந்து சுருண்டு எழுந்தது. இருநூறு தடவை ஓட்டிப் பார்த்து அப்படியே செய்தான். அவசரத்தில் செட்டின் நீல ஷட்டரையும் அதன் மேலிருந்த தகரச் சார்ப்பையும்கூட மாற்றாமல் விட்டுவிட்டான். வெளிநாட்டுக்காரர்கள் தூசியைப் பார்த்து அசந்துபோய்ப் பாராட்டி எழுதினார்கள். அழுதுகொண்டே செய்தானா என்று கேட்டால், இல்லை. செய்தபோது அழுகை வரவில்லை, அதுதான் கொடுமை.

பத்து மாதம் கழித்து, அந்தப் பகுதி தமிழில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு வருகிறது என்று ஆபீசில் சொன்னார்கள். தீனதயாளன் மகள் கனிஷ்கா அந்தக் கார்ட்டூனை ஒரு வாரம் விடமாட்டாள். எங்கள் சித்தப்பா செய்தது என்று மூன்றாம் வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டவள். அவள் பார்த்தால் அவள் அம்மாவும் பார்ப்பாள். ஞாயிறு காலை பைக்கை எடுத்துக்கொண்டு ராசிபுரத்துக்கு விரட்டினான். பிள்ளையை நாமகிரிப்பேட்டைக்கோ எங்கேயோ கூட்டிப் போய்விட்டால் டிவி ஓடாது. அந்த ஒரு அரைமணி நேரத்தைக் கடத்திவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டே போனான்.

"வாங்க தம்பி," என்றாள் சண்முகப்பிரியா. பத்து மாதமாக எட்டிப் பார்க்காதவனிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே போகலாம் என்றதற்குக் கனிஷ்கா அசையவில்லை. சித்தப்பாவே வந்திருக்கும்போது சித்தப்பா செய்ததைப் பார்க்காமல் எங்கே போவதாம்? அவன் தலைவலி என்றான், சத்தம் வேண்டாம் என்றான், பேச்சுக்குப் பேச்சு சாக்குச் சொன்னான். அவள் ரிமோட்டைத் தரவேயில்லை. சித்தப்பா கூச்சப்படுகிறார் என்று சிரித்தாள். சண்முகப்பிரியாவும், தம்பி கைவேலையை நானும் பார்க்கிறேன் என்று கீரை முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நாயகன் உதைத்தான். வில்லன் பறந்துபோய் ஒரு தெருமுனையில் விழுந்தான். நீல ஷட்டர், தகரச் சார்ப்பு. இடது மூலை உட்கார்ந்தது, கூரை மடிந்தது, தூசி எழுந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"சித்தப்பா, உள்ள இருந்தவங்கல்லாம் என்ன ஆவாங்க?" என்றாள் கனிஷ்கா.

"உள்ள யாரும் இல்ல சாமி." பத்து வருஷத்துப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்பிடித்தான் எங்களுக்கும் சொன்னாங்க," என்றாள் சண்முகப்பிரியா.

பிள்ளையை மோர் கலக்கிக்கொண்டு வரச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பினாள். டிவியை அணைத்தாள். இப்படித்தான் விழுந்ததா என்று கேட்டாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. குரூப்பில் வந்ததை, பிரதி எடுத்ததை, இருநூறு தடவை ஓட்டியதை, பாராட்டு வந்ததை, எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள், இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்பாள் என்று காத்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"வலது கோடியில சின்னக் கதவு இருக்குதுங்களே, அவிய அங்கதான் கெடந்தாங்கன்னு மண்ணு அள்ளுனவங்க சொன்னாங்க. தெரிஞ்சு வெளிய ஓடியாரப் பாத்தாங்களா, இல்ல ஒண்ணும் தெரியாமயே போயிட்டாங்களா? படுத்தா எனக்கு அதே நெனப்புதான். எல்லாரும் அழிச்சுப்போட்டாங்க, கடைக்காரர் கேமராவுலயும் இல்லயாம். நீங்க அத்தன வாட்டி பாத்திருக்கீங்க. சொல்லுங்க தம்பி, நான் தாங்கிக்குவேன்."

ரமேஷ்குமார் யோசித்துப் பார்த்தான். இடது மூலை கண்ணுக்குள் நின்றது. கூரையின் ஒவ்வொரு ஓடும் எந்த வரிசையில் நழுவியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கதவு ஞாபகத்தில் இல்லை. அவசரமாகப் போனை எடுத்து அந்தப் பிரதியைத் தேடித் திறந்தான். திறந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அங்கேயும் கதவு இல்லை.

"அந்தப் பக்கம் எங்கிட்ட இல்லீங்க அண்ணி," என்றான். "எனக்கு மூலையும் தூசியும் இருந்தாப் போதும்னு மிச்சத்த வெட்டிப்போட்டுத்தான் வெச்சுக்கிட்டேன்."

அவள் அந்தப் போனை வாங்கிப் பார்க்கவில்லை. அடுப்படியில் கனிஷ்கா மோர் கடையும் சத்தம் கேட்டது.

"வெட்டறதுக்கு முன்னால ஒருக்காவாச்சும் அந்தப் பக்கம் பாத்தீங்களா தம்பி?"

"இல்லீங்க அண்ணி."