மஞ்சள் சூடு

இருளாண்டிக்கு வாயைவிடக் கை நீளம். மூன்று வயதாகியும் மகன் யோகேஸ்வரனுக்கு 'அம்மா' என்ற ஒரு சொல் வரவில்லை; கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. "திமிருடி! எல்லாம் ஒன் வளர்ப்பு" என்று பிள்ளைக்கு ஒன்றும் பெண்டாட்டி முருகலட்சுமிக்கு இரண்டுமாய்த் தினமும் அறை விழும். அந்தக் கை விளங்குமா?

அங்கன்வாடி டீச்சர் கலைச்செல்விதான் முதலில் சந்தேகப்பட்டாள். "புள்ளைக்குக் காது கேக்கலையோன்னு இருக்கு லட்சுமி. வார செவ்வாக்கெழம ராம்நாட்டுல காது டாக்டரு, பேச்சுப் பழக்குறவுக எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாக. சொல்லி வச்சுட்டேன். இப்பமே காதுல மெஷின் மாட்டிப் பழக்குனாப் பேசிருவான், நாள் போனாச் சங்கடம். அய்யா, ஆத்தா ரெண்டு பேரும் வரணும்."

செவ்வாய் காலை கிளம்பும்போதுதான் வந்தது வினை.

"எம்மவன் செவிடா? எங்க வகையறாவுல எவன்டி செவிடு?" என்று கத்திக்கொண்டே இருளாண்டி மஞ்சள் கொம்பை அடுப்பில் செருகினான். பேசாத பிள்ளைக்குப் பிடரியில் மஞ்சள் சூடு இழுத்தால் பேச்சு வருமாம். வைத்தியமாம் வைத்தியம்!

அவள் அவன் காலைப் பிடித்தாள். எட்டி உதைத்தான். தலை அம்மிக்கல்லில் மோதி ரத்தம் கண்ணில் இறங்கியது. தணலாய்ச் சிவந்த கொம்போடு அவன் முற்றத்துக்குப் போனான். அங்கே பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்து, காயப்போட்ட மிளகாயை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

முருகலட்சுமி பாய்ந்து போய் அந்த நெருப்பை வெறுங்கையால் பிடித்தாள். சதை பொசுங்கியது; பிடியை விடவில்லை.

"என்னையக் கொன்னுட்டு அவனத் தொடுடா!"

அவன் மணிக்கட்டில் பல் இறங்கக் கடித்தாள். கொம்பு கீழே விழுந்தது.

வெறி தலைக்கேறியவன் பித்தளை அண்டாவைத் தூக்கித் தகரக் கதவில் எறிந்தான். இடி விழுந்த மாதிரி சத்தம். வெள்ளாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. எதிர்வீட்டில் தூங்கிய கைக்குழந்தை வீரிட்டது. கதவுக்குப் பக்கத்திலேயே இருந்த யோகேஸ்வரன் திரும்பவில்லை. அடுத்த மிளகாயை எடுத்து வைத்தான்.

இருளாண்டி அப்படியே நின்றான். "யோகேசு" என்றான். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினான். பிள்ளை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"அய்யோ பாவி நானு, இதுக்கா தெனம் இவனப் போட்டு அடிச்சேன்?"

சுற்றிப் போய்ப் பிள்ளையின் முன் குத்தவைத்து, தூக்கக் கை நீட்டினான். அப்பனின் கையைக் கண்டதும் யோகேஸ்வரன் இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டான். இருளாண்டி உடைந்து அழுதான்.

முருகலட்சுமி சேலைத் தலைப்பால் ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கினாள். "அழுகையெல்லாம் பெறகு வச்சுக்க. பஸ்ஸு வந்துரும், நட."

ராம்நாடு போய்ச் சேரும்வரை இருளாண்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பிள்ளை கன்னத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.