வடக்கு மூலை

ஏரியின் தடைசெய்யப்பட்ட பகுதியை ஆளில்லாப் படகுகள் பதினொன்று சுற்றிவந்தன. எந்தப் படகு எந்நேரம் எங்கே போகவேண்டும் என்று கரையில் உட்கார்ந்து திரையில் வழி போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அங்கே மீன் பிடிப்பவர் கேமராவில் சிக்கினால் முதல்முறை எச்சரிக்கை, மறுமுறை உரிமமே போய்விடும். அக்கா புருஷன் ஒருமுறை சிக்கியிருந்தார்.

"வெளியில வலை போட்டா ஒண்ணுமே விழலடி," என்றாள் அக்கா, அவள் முகத்தைப் பார்க்காமல். "அந்த வடக்கு மூலையை மட்டும் காலைல கொஞ்ச நேரம் கண்டுக்காம விட்டுடேன்."

"என் வேலைக்கே வேட்டு வைக்கப் பாக்கிறியா?"

சொல்லிவிட்டாளே தவிர, இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வடக்கே போகும் இரண்டு படகுகளின் வழியை மாற்றினாள். 'பாறை இடிக்கிறது' என்று காரணம் எழுதினாள். மேலதிகாரி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை வடக்கு மூலையைப் பார்க்க யாரும் இல்லை.

"உன் புண்ணியத்துல அடுப்பு எரியுது," என்று அத்தான் ஃபோனில் சிரித்தார்.

அடுத்த வாரம் ஒருநாள் விடிந்ததிலிருந்தே காற்று பேயாக அடித்தது. எட்டரைக்கு அக்கா கூப்பிட்டாள்.

"ஏழு மணிக்கே வரவேண்டியவர் இன்னும் வரலடி. ஃபோனும் போகல."

அவள் உடனே பதினொரு படகுகளையும் வடக்கே திருப்பினாள். ஏழாம் எண் படகின் கேமராவில், கவிழ்ந்த மீன்படகு ஒன்றின் அடிப்பாகம் முதலில் தெரிந்தது. பிறகு கயிற்றைப் பிடித்தபடி, வலையில் கால் சிக்கி, அத்தான். மீட்புக்காரர்கள் போனபோது உயிர் இல்லை.

"ரொம்ப நேரம் போராடியிருக்கார்," என்றார் டாக்டர். "ஒரு மணி நேரம் முன்னாடி யாராவது பாத்திருந்தா பிழைச்சிருப்பார்."

ஆஸ்பத்திரி நடைபாதையில் அக்கா அவள் கையை இறுகப் பிடித்தாள். "பாறைன்னே சொல்லு. உன் வேலையும் போச்சுன்னா ரெண்டு குடும்பமும் நடுத்தெருதான்."

விசாரணை அறையில் அவளுக்கு அந்தப் பொய் நாக்கில் வரவில்லை. "பாறை இல்ல சார். நான்தான் வேணும்னே வழியை மாத்தினேன்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல."

அன்று மாலையே வேலை போயிற்று. அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.