ஆம்ப்ரோஸ் டில் பொருத்திய குழல்

என் கணவர் டெல்பர்ட் கழகத்தில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொய்க்கு முகவரி வாங்கிக் கொடுத்தது நான்.

அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைதோறும் கைத்துப்பாக்கிக் கழகத்தில் போட்டி நடக்கும். ஒரு கையை நீட்டி, மறுகையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு காகித வட்டங்களைச் சுடுவார்கள். புள்ளி எழுதுவது என் வேலை. முதலிடத்துக்கு எப்போதும் இருவர்தான்: டெல்பர்ட்; பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளெம் ஹாஸ்.

இரண்டு வருடம் முன்பு கிளெம் தன் துப்பாக்கிக்குப் புதுக் குழலை வீட்டிலேயே பொருத்தப் பார்த்தார். அரத்தால் அளவுக்கு மீறி ராவிவிட்டார். குழல் உள்ளே லொடலொடவென்று ஆடியது. டெல்பர்ட் விடுவாரா?

"யோவ் கிளெம், அத உன் பேத்திகிட்ட குடுத்துடு. நல்ல கிலுகிலுப்பை. இதெல்லாம் பெரிய கைங்க செய்யற வேலைய்யா, வீட்ல உக்காந்து நோண்டக்கூடாது."

அந்த வசனத்தை வாராவாரம் சொன்னார். ஆகவே சென்ற அக்டோபரில் அவருடைய குழலே தேய்ந்துபோனபோது, புதியதை வாங்கி யாருக்கும் தெரியாமல் நிலவறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டெல்பர்ட் முப்பது வருடம் பல் செட் செய்தவர். புதுக் குழல் வேண்டுமென்றே சற்றுப் பருமனாக வரும். அதை ராவி ராவி, துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு என்ற இரும்பு உறைக்குள் இம்மி அசையாமல் உட்கார வைக்க வேண்டும். மூன்று இழுப்பு ராவுவார். துடைப்பார். சிவப்புச் சாயம் தடவி மாட்டிக் கழற்றுவார். சாயம் அழிந்த இடத்தில் மட்டும் மறுபடி இரண்டு இழுப்பு. பல் கடிக்கிறதா என்று நோயாளியைக் கேட்கும் அதே முகம். ஆறு வாரம் ஆயிற்று. ஒருநாள் காலை படியேறி வந்து, பெருவிரலால் குழலை அழுத்திக் காட்டினார்.

"ஆடுதா பாரு, வெர்னா."

"மலை மாதிரி நிக்குது."

அடுத்த வியாழன் முந்நூற்றுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்று சுட்டார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாரு பொருத்தினது?" என்றார் கிளெம்.

 டெல்பர்ட்டுக்குக் கிலுகிலுப்பை வசனம் நினைவுக்கு வந்திருக்கும். மேசைமேல் திறந்திருந்த ஊறுகாய் ஜாடியைப் பார்த்தார். அதில் 'டில்' என்று, ஊறுகாயில் போட்ட கீரையின் பெயர் எழுதியிருந்தது.

"டில்லு. ஆம்ப்ரோஸ் டில். டெக்சாஸ்ல இருக்கார். வருஷத்துக்கு ஆறே ஆறு துப்பாக்கிதான் தொடுவார்."

நான் தலையைக் குனிந்து புள்ளிகளைக் கூட்டினேன். சிரிப்பை அடக்கியதில் இரண்டு இடத்தில் தப்பு.

மறுநாள் கிளெம் எங்கள் வாசலில் நின்றார். கையில் அவருடைய துப்பாக்கிப் பெட்டியும், இன்னும் காகிதம் பிரிக்காத புதுக் குழலும்.

"டெல்லு, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். உன்னோடத அனுப்பின மாதிரியே இதையும் அந்த ஆளுக்கு அனுப்பிவிடேன்."

"அவரு ஒத்துக்க மாட்டாருப்பா."

"ஒத்துக்குவார்," என்றேன் நான். டெல்பர்ட் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

கதவைச் சாத்தியதும் கத்தினார். "உனக்குப் பைத்தியமா? எதிராளி துப்பாக்கிய நானே தீட்டிக் குடுக்கணுமா?"

"வேணாம்னா இப்பவே ஓடிப்போய் உண்மையச் சொல்லிட்டு வா. இன்னும் வண்டியக் கிளப்பல."

போகவில்லை. அரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

நான் சும்மா இருக்கவில்லை. என் தங்கை டெக்சாஸில், அமரில்லோவில் இருக்கிறாள். கடிதத்தை நான் தட்டச்சு செய்து அனுப்புவேன். அவள் அங்கிருந்து கிளெமுக்குத் தபாலில் போடுவாள். முதல் கடிதம் இப்படி: 'திரு. ஹாஸ், உங்கள் பழைய குழலைப் பார்த்தேன். அதைக் கொறிக்க வீட்டில் பெருச்சாளி வளர்க்கிறீர்களா? எனக்குக் கூலி வேண்டாம். புகையிட்ட ஏரி மீன் நான்கு, உங்கள் மனைவி போடும் பீட்ரூட் ஊறுகாய் இரண்டு ஜாடி. டெல்பர்ட் மூலம் அனுப்பவும்.'

வந்த மீனை நாங்கள் ரொட்டியோடு சாப்பிட்டோம். டெல்பர்ட் முதலில் தொடமாட்டேன் என்றார். பிறகு இரண்டரை மீன் தின்றார்.

அரைகுறையாகப் பொருத்திக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒருநாள் கீழே போய்ப் பார்த்தேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். "அவனோட ஸ்லைடு என்னோடதவிட நல்ல இரும்பு. வெர்னா, இது என்னோடதவிட நல்லா உக்காருது." அழுகிற குரலில்தான் சொன்னார். ஆனாலும் கை நிற்கவில்லை. கோணலாக ஒரு வேலை செய்ய அந்த மனிதருக்குத் தெரியாது.

மார்ச் மாத இறுதிப் போட்டியில் டெல்பர்ட் இருநூற்றுத் தொண்ணூறு. கிளெம் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. கோப்பையைத் தூக்கிப் பிடித்துக் கிளெம் பேசினார். "இது என் கோப்பை இல்ல. ஆம்ப்ரோஸ் டில்லோடது. அந்தக் கைக்கு ஒரு கைதட்டல் குடுங்க!"

கூரை அதிர்ந்தது. டெல்பர்ட்டின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது. எழுந்தேவிட்டார்.

"டில்லும் இல்ல, கில்லும் இல்ல! பொருத்தினது நான்! எங்க வீட்டு நிலவறையில!"

கைதட்டல் நின்றது. பிறகு பெரும் சிரிப்பு.

"தோத்துட்டா இப்படியாடா பேசுவே?" என்றார் கிளெம், வாஞ்சையாகவே. சட்டைப் பையிலிருந்து அமரில்லோ முத்திரை குத்திய கடிதத்தை எடுத்தார். "கேளுங்க, கடைசிக் கடிதம். 'துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுக்கும் உங்கள் நண்பர் டெல்பர்ட் நல்லவர்தான். ஆனால் அவர் சுட்ட காகித வட்டத்தைப் பார்த்தாலே தெரிகிறது, விசையை இழுக்கும்போது வாத்துக் கழுத்தைத் திருகுவதுபோல் மணிக்கட்டைத் திருகுகிறார்.' டெல்லு, இத நீயே எழுதினியா?"

டெல்பர்ட் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "வெர்னா. சொல்லு. நீ சொல்லு அவங்ககிட்ட."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"பாவம், ரெண்டு நாளா சரியாத் தூங்கல," என்றேன்.

வீட்டுக்கு வண்டியை டெல்பர்ட்தான் ஓட்டினார். பனி உருகிய சாலையில் சக்கரம் சளசளத்தது. எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது பக்கத்தில் ஏதோ குலுங்கியது. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிய, ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு. வண்டி அஞ்சல் பெட்டியை இடித்து நின்றது.

"வாத்துக் கழுத்தா?" என்றார்.

"நிஜமாத்தான் திருகுறே. மூணு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்."

அடுத்த திங்கட்கிழமைக்குள் கழகத்து ஆட்கள் மூன்று பேர் தங்கள் துப்பாக்கிகளை, டெக்சாஸுக்கு அனுப்பிவைக்கச் சொல்லி, எங்கள் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டெல்பர்ட் ஒவ்வொன்றாகப் பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவதை மட்டும் இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தார்.

"இது ஆகாது. துருப்பிடிச்ச குப்பை. டில்லு தொட மாட்டார்னு எழுதிடு," என்றவர், அரத்தைத் தேடிக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "கொஞ்சம் காரமாவே எழுது."