கேசட்டைத் திருப்பும் நேரம்

சுரேந்தர் போனில் சொன்ன செய்திக்கு அம்சவேணி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "கிடைச்சிருச்சும்மா. அந்த நாலு நிமிசம் கிடைச்சிருச்சு" என்று பெங்களூரிலிருந்து இரண்டு முறை சொன்னார். ஐம்பதைத் தொடப்போகிற மனிதரின் குரல் பரீட்சை பாஸான பையனின் குரல் போல நடுங்கியது. அவள் "நல்லதுங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள்.

தரணிதரன் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நிலம் இருந்தது, வீடு இருந்தது, கோயமுத்தூரில் படிக்கும் மகள் வித்யாஸ்ரீ இருந்தாள். ஆனால் அம்சவேணிக்கு மட்டுமே என்று அவர் விட்டுவிட்டுப் போனது அந்த நாலு நிமிடம்தான். அது யாருக்கும் தெரியாது. இப்போது அந்த இடத்தை அடைப்பதற்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சுரேந்தர் மலையேறி வரப்போகிறார்.

அது ஒரு பாட்டின் நடுவே விட்டுப்போன நாலு நிமிடம்.

1975 ஜனவரியில் தரணிதரன், சுரேந்தர், அண்ணாமலை மூவரும் சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியின் திறந்தவெளி அரங்கில் ஒரு ராக் குழு வாசித்தது. 'கிளாஸ் எலிஃபண்ட்' என்று பெயர். ஆர்கன், புல்லாங்குழல், கிடார், டிரம்ஸ். ஒரே பாட்டு, ஏறக்குறைய நாற்பது நிமிடம். அதில் பாதிக்கு மேல் பாடவே மாட்டார்கள், வாத்தியம்தான். தாளம் ஐந்தாகும், ஏழாகும், எங்கேயோ போய்த் தொலைந்துவிட்டது என்று நினைக்கும்போது ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும். இரண்டு மாதத்தில் அந்தக் குழு கலைந்துபோனது. இசைத்தட்டு எதுவும் வரவில்லை. மிஞ்சியது தரணிதரன் மடியில் வைத்துப் பதிவுசெய்த ஒரு கேசட். பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது முதல் பக்கம் முடிந்துவிட்டது. இருட்டில் தடவி, கேசட்டைக் கீழே போட்டு, எடுத்துத் திருப்பிப் போடுவதற்குள் கொஞ்சம் போய்விட்டது.

அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் மூன்று பேரும் கால் நூற்றாண்டு சண்டை போட்டார்கள். அங்கே ஆர்கன் மட்டும் தனியாக வானத்துக்கு ஏறியது என்பார் சுரேந்தர். புல்லாங்குழல்தான், என் காதில் இன்னும் இருக்கிறது என்பார் அண்ணாமலை. தரணிதரன் எதுவும் சொல்ல மாட்டார். சிரிப்பார்.

வருடந்தோறும் டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை மூவரும் கூடுவார்கள். காளப்பநாயக்கன்பட்டியில் இருந்த குடும்ப வீட்டில் சத்தமாக வைத்தால் அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். அதனால் மலைமேல், செம்மேட்டுக்கு அப்பால் இருந்த மிளகுத் தோட்டத்து வீடு. தரணிதரன் தன் கையால் செய்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். சத்தம் முழுசும் வைக்கலாம். கேட்பதற்கு மிளகுக் கொடிதான் உண்டு. மிளகு பறிக்க வரும் முனியாயி ஒருமுறை வாசலில் நின்று, "மெசினு ரிப்பேருங்களா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனாள். அதைச் சொல்லிச் சொல்லி மூவரும் அடுத்த ஐந்து வருடம் சிரித்தார்கள்.

அப்படிக் கேட்பதற்கு ஒரு முறைமை உண்டு. மதியம் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் கேசட் ஓடும். முதல் பக்கம் முடிந்ததும் தரணிதரன் அதைத் திருப்பிப் போடுவார், ஆனால் பொத்தானை அழுத்த மாட்டார். விட்டுப்போன பகுதிக்காக நாலு நிமிடம் மௌனம். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு, அவரவர் நினைவில் இருப்பதை அவரவர் மனசுக்குள் வாசித்துக்கொள்ள வேண்டும். கண்ணைத் திறக்கக் கூடாது. நேரம் பார்ப்பது தரணிதரன் பொறுப்பு. நாலு நிமிடம் ஆனதும் அவர் பொத்தானை அழுத்த, இரண்டாவது பக்கம் பாதி மூச்சில் தொடங்கும்.

சிநேகிதர்களுக்குத் தெரியாத ஒன்று அம்சவேணிக்குத் தெரியும். அந்த நாலு நிமிடமும் தரணிதரன் நாற்காலியில் இருந்ததில்லை.

கல்யாணமான வருடம் அவள் சமையலறையில் ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்தாள். புகையில் கண் எரிந்தது. கூடத்திலிருந்து வந்த சத்தம் வேறு அவளைப் பயமுறுத்தியது. திடீரென்று சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாள். திரும்பினால் அவர் செருப்பில்லாமல் வாசற்படியில் நிற்கிறார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஊதாங்குழலை வாங்கி நெருப்பைச் சரிசெய்தார். எண்ணெயில் இருந்து அவள் எடுத்த முதல் வடையைப் பிட்டு, பாதியை அவள் வாயில் வைத்தார், பாதியைத் தான் தின்றார். கொஞ்ச நேரம் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி சும்மா நின்றார். பிறகு வந்த மாதிரியே போய்விட்டார். மறுபடி இசை ஆரம்பித்தது.

அன்றிலிருந்து ஒரு வருடமும் தவறவில்லை. எண்பத்துமூன்றில் முதல் குழந்தை தங்காமல் போனது. அந்த டிசம்பரில் வடையைக்கூடத் தொடாமல் அவள் பக்கத்தில் நின்றார். ஒருமுறை, என்ன காரணம் என்றே இப்போது ஞாபகமில்லை, இருபது நாள் இருவருக்கும் பேச்சில்லை. இந்த வருடம் வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டே அவள் முதல் வடையைத் தனியாக எடுத்து வைத்தாள். வந்தார். பிட்டுக் கொடுத்தார். சண்டை அதோடு சரி. வீட்டில் ஆளும் வேலையும் நிறைந்த நாட்களில் அவர்கள் பகலில் இப்படி நின்றது வருடத்தில் அந்த ஒரு நேரம்தான்.

போன வருடம் அவருக்கு உடம்பு மிகவும் முடியாமல் இருந்தது. சுவரைப் பிடித்து நடந்து வரும் சத்தம் கேட்டது. எதிரே போய்த் தாங்கலாம்தான். போகவில்லை. அவர் வந்து நிலைக்கதவைத் தொட்டார், அவளைப் பார்த்தார், திரும்பினார். நடப்பதற்கே நேரம் சரியாகிவிட்டது.

இதை எப்படி வெளியே சொல்வது?

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சுரேந்தரின் கார் வந்தது. அண்ணாமலை மெலிந்திருந்தார். ஆகஸ்டில் இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. இறங்கியதும் வழக்கம்போல் தண்ணீர் கேட்டார்.

"நாப்பத்திமூணாவது வளைவும்மா" என்றார் சுரேந்தர். "இறக்கி விட்டேன், வாந்தி எடுத்தான், ஏத்திக்கிட்டு வந்தேன். இருபத்தஞ்சு வருசமா அதே வளைவு."

"என் பேரையே வெச்சிரச் சொல்லுடா அதுக்கு" என்றார் அண்ணாமலை, வாயைத் துடைத்துக்கொண்டு.

பிறகு இருவரும் தரணிதரன் படத்தின் முன்னால் போய் நின்றார்கள்.

சாப்பாட்டின்போது சுரேந்தர் விவரமாகச் சொன்னார். அந்தக் காலத்து ரசிகர்கள் உலகம் முழுவதிலிருந்தும் இன்டர்நெட்டில் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். அன்றைக்கு மேடைக்குக் கீழே இருந்து இன்னொருவர் ஒரு துண்டு பதிவு செய்திருக்கிறார், இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். அவர் அனுப்பியதையும் சுரேந்தரிடம் இருந்த கேசட் நகலையும் ஒரு ஸ்டுடியோக்காரர் சேர்த்து சி.டி.யாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். போன வாரம்தான் அது கைக்கு வந்தது. சுரேந்தர் இன்னும் கேட்கவில்லை. இங்கே, இந்தக் கூடத்தில்தான் கேட்பது என்று வைத்திருக்கிறார். சி.டி. பிளேயரையும் கொண்டுவந்திருந்தார்.

அதைப் போட வேண்டாம் என்று சொல்லத்தான் அம்சவேணி நாலு நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். ஆனால் அண்ணாமலையின் சட்டை கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடப்பதைப் பார்த்தபோது அந்த வார்த்தை வரவில்லை. அடுத்த டிசம்பருக்கு யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள்?

"அண்ணா, மொதல்ல பழைய கேசட்டையே போட்டுக் கேட்டுரலாங்களா? எப்பவும் கேக்கற மாதிரி. அப்புறம் அதைப் போடுங்க."

சுரேந்தரின் முகம் வாடியது. "முழுசா கையில இருக்கறப்ப ஓட்டையோட எதுக்கும்மா கேக்கணும்?"

அண்ணாமலை தட்டிலிருந்து நிமிர்ந்தார். "தரணி ஊடு. தரணி கேசட்டு. அந்தப் புள்ள சொல்ற மாதிரி போடுடா."

யார் திருப்பிப் போடுவது என்று பேச்சு வந்தபோது அம்சவேணி தான் போடுவதாகச் சொன்னாள். அடுப்பில் வேலை இருக்கிறது, நேரமானதும் வந்து பொத்தானை அழுத்துகிறேன் என்றாள். வாட்ச் வேண்டுமா என்று சுரேந்தர் கேட்டார். வேண்டாம் என்றாள்.

மூன்று மணிக்குக் கேசட் ஓடியது. வெளியே மிளகுக் கொடிகளுக்கு இடையில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. தரணிதரனின் பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் அவள் நின்றாள். இருபத்தோரு வருடம் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்ட இசை. புல்லாங்குழல் வரும்போது எண்ணெய் வைக்க வேண்டும், தாளம் மாறி ஓடும்போது மாவைத் தட்ட வேண்டும் என்று அவள் கைக்கு அது தெரியும். முகத்துக்கு நேராக இன்றுதான் கேட்கிறாள். ஏறி, ஏறி, ஆர்கனின் ஒற்றைச் சுரம் நீண்டுகொண்டிருக்கும்போது டக்கென்று நின்றது.

இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் கேசட்டைத் திருப்பிப் போட்டாள். அவர் நடந்த வழியில் நடந்தாள். கூடம், நடை, மூட்டை அடுக்கிய அறை, சமையலறை. இருபத்திரண்டு எட்டு வைத்தாள். அவர் பக்கத்திலிருந்து அந்த வழியை அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. போன வருடம் இது எவ்வளவு தூரமாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

எண்ணெய் காய்ந்திருந்தது. முதல் வடையை எடுத்தாள். பிட்டாள். தன் பாதியைத் தின்றாள். மற்றதைத் தட்டில் வைத்தாள். நிலைக்கதவைப் பார்த்துக்கொண்டு, அவர் போகிற நேரம் எதுவோ அதுவரை நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்து பொத்தானை அழுத்தினாள்.

கேசட் முடிந்தது. சி.டி.யைப் பற்றிச் சுரேந்தர் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் சொன்னாள்.

"அதைப் போடுங்கண்ணா." சொல்லிவிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். இதற்கு முன் அதில் அவள் உட்கார்ந்ததில்லை.

மறுபடியும் எல்லாம் ஏறியது. ஆர்கனின் ஒற்றைச் சுரம் வந்தது. சுரேந்தர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். சுரம் நிற்கவில்லை. நீண்டு, மெலிந்து, தானாக அடங்கியது. ஆர்கன் வானத்துக்கு ஏறவில்லை. புல்லாங்குழல் வரவில்லை. டிரம்ஸ் மட்டும், யாரோ கதவை மெல்லத் தட்டுவது போல, ஒரே தாளத்தில் காத்திருந்தது. கூட்டத்தில் ஒருவர் இருமினார். ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு இரண்டாவது பக்கத்தின் முதல் சுரம், அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான அந்தச் சுரம், வந்துவிட்டது.

சுரேந்தர் பிளேயரை நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். அண்ணாமலை தன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுபது செகண்டு" என்றார் அண்ணாமலை.

"எங்கியோ வெட்டிட்டானா ஸ்டுடியோக்காரன்?"

"வெட்டலடா. இருமல்கூட முழுசா இருக்குது."

சுரேந்தர் பிளேயரை அணைத்தார். ஏமாற்றமா, சிரிப்பா என்று தெரியாத முகம். "தரணிதான் நாலு நிமிசம்னான். மொதல் மூணு வருசம் சும்மா திருப்பிப் போட்டுக் கேட்டுட்டுத்தான் இருந்தோம். எழுபத்தொம்போதுல ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காமிச்சான். சரியா நாலு நிமிசம் போயிருக்குது, அதுக்கு மரியாதை பண்ணணும், கண்ண மூடுங்கடான்னான். கணக்குல அவன் எப்பவும் ஃபர்ஸ்ட். நாங்க மூடிக்கிட்டோம்."

எழுபத்தொன்பது வைகாசியில்தான் அம்சவேணிக்கும் தரணிதரனுக்கும் கல்யாணம். அந்த மௌனம் அதற்கு முன்பே, அந்தப் பாட்டோடே, இருந்தது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். சும்மா கிடந்த ஒரு நேரத்தில் அவர் தன்னைத் தேடி வந்தார் என்று. கிடந்த நேரமில்லை. உண்டாக்கிய நேரம்.

"போன வருசம் ஏழெட்டு நிமிசம் ஆயிருக்கும்" என்றார் அண்ணாமலை மெதுவாக, தரையைப் பார்த்து. "நான் கண்ணத் திறக்கலம்மா. சுவத்தப் பிடிச்சு நடக்கற சத்தம் கேட்டுது. அவ்வளவுதான்."

சுரேந்தர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க போனான்?"

"அடுப்படியில இருந்தாருங்கண்ணா" என்றாள் அம்சவேணி.

சுரேந்தர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மஞ்சு ஜன்னல் கம்பி வரை வந்துவிட்டிருந்தது. அவர் தோள் குலுங்கியது. "திருட்டுப் பய" என்றார். "எங்களக் கண்ண மூட வெச்சுட்டு."

அவள் சமையலறைக்குப் போனாள். மீதி மாவைத் தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டே மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். எழுபது செகண்டு போக வருடத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்தோரு வருடம். ஒரு மணி நேரம் வரும். ஒரு கேசட்டின் இரண்டு பக்கம்.

மறுநாள் காலை புறப்படும்போது சுரேந்தர் சி.டி.யையும் பிளேயரையும் கூடத்து அலமாரியிலேயே வைத்தார். அடுத்த வருடம் எதைப் போடுவது என்று, காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரெண்டையும் போடலாங்கண்ணா" என்றாள் அம்சவேணி. "கேசட்டுக்கு மட்டும் நாலு நிமிசம் விட்டுருங்க."