அலமாரியில் இல்லாத கோட்

அப்பா விட்டுப்போன திரைச்சீலைக் கம்பெனியில் எங்கள் மூன்று பேருக்கும் சம பங்கு. துணிமணிக்கு மட்டும் பங்கே கிடையாது. அலுவலக மேல்மாடியில் ஒரு பெரிய அலமாரி. யார் எதை வாங்கினாலும் அதில்தான் தொங்கும், முதலில் வருகிறவள் எடுத்துப் போட்டுக்கொள்வாள். பெரியக்கா வாங்கித் தள்ளுவாள், வாங்கிய கையோடு மறந்தும் போவாள். போட்டுக் கிழிப்பது நானும் சின்னக்காவும்தான்.

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டாக்டரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று முந்தின வாரம் சொல்லியிருந்தேன். அவர் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். ஒரு மாட்டைக்கூடத் தொட்டதில்லை என்றாலும் பெரியக்காவுக்கு அவர் மாட்டு டாக்டர்தான். "யோசிக்கிறேன்" என்றிருந்தாள். பெரியக்கா யோசிக்கிறாள் என்றால் யாருக்கோ வேலை வைத்துவிட்டாள் என்று அர்த்தம்.

எங்கள் இருவரையும் மாதிரித் துணிகள் அடுக்கியிருக்கும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீ கோவிச்சாலும் பரவாயில்ல. ஆள் வெச்சு விசாரிச்சேன்" என்று ஒரு போட்டோவை மேசைமேல் போட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டு விசாரிச்ச?"

"உன் அக்காவாப் பொறந்துட்டேனே, யாரைக் கேக்கணும்? முதல்ல பாரு."

கிளினிக்கின் பக்கவாட்டில், அவர் குடியிருக்கும் மாடிக்கு ஏறும் படி. டாக்டரின் ஒரு கை, முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண்ணின் தோளில். இன்னொரு கையில் பெட்டி. அவள் பச்சைக் கோட் போட்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எடுத்தது. பொட்டியோட வந்து இறங்கியிருக்கா மகராசி. மாடியிலதான் இருக்காளாம்."

கோட்டின் பின்பக்கப் பட்டையில் ஒரு பித்தான் மட்டும் கறுப்பு. தொலைந்துபோன பச்சைக்குப் பதிலாக அதைத் தைத்தவள் நான். கோட் பெரியக்கா வாங்கியது. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியாக அலமாரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போனவள் சின்னக்கா.

திரும்பிப் பார்த்தேன். சின்னக்கா ஏற்கெனவே அடுக்கியிருந்த துணிகளையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

இவளும் அவருமா? "கொஞ்ச நாள் மாடிக்கு வராதே. ஏன்னு கேக்காதே. என்னை நம்புறியா?" என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. காபியை உறிஞ்சிக்கொண்டே நம்புகிறேன் என்றிருந்தேன். அப்போது சுலபமாக இருந்தது. இப்போது அந்த அறையில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. கையில் கிடைத்த துணியின் ஓரத்தை நூல் நூலாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் ஒரே மூச்சில் இரண்டு பேரை இழந்துவிடுவேன்.

"அது நான்தான்" என்றேன்.

"என்னது?"

"அந்தக் கோட்டைப் போட்டுட்டுப் போனது நான்தான். பொட்டியில என் புஸ்தகங்கள்."

பெரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ என் பக்கத்துல உக்காந்து மீட்டிங்ல கொட்டாவி விட்டுட்டிருந்த. யாருக்காகடி பொய் சொல்ற? அவனுக்காகவா?"

எனக்கே தெரியவில்லை. துணிக்கட்டு சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"எனக்காக" என்றாள் சின்னக்கா. "அது நான்க்கா. என் வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கார்னு சொன்னேனே, அது பொய். என்னை அடிக்கிறார். ரொம்ப நாளா. பொட்டியைத் தூக்கிட்டு எங்க போறதுன்னே தெரியல. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு டாக்டர்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன், இவகிட்டக்கூட. மாடியை எனக்குக் குடுத்துட்டு அவர் கீழ நாய்ங்களோட படுத்துக்கிறார்."

பெரியக்காவின் குரல் ஏறியது. "ஏன், என் வீடு இடிஞ்சா போச்சு? எங்கிட்ட வர வேண்டியதுதானே?"

"என் புருஷனை விசாரிச்சதும் உன்னோட இதே ஆள்தானேக்கா? தங்கமான பையன்னு எழுதிக் குடுத்தான், நீயும் நம்பின. நான் வந்து சொல்லியிருந்தா யாரை நம்பியிருப்ப?"

பெரியக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நான் சின்னக்காவைப் பிடித்துக்கொண்டேன். சந்தேகப்பட்டதை நினைத்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவள் என்னடாவென்றால் என்னைத் தட்டிக்கொடுத்தாள்.

பெரியக்கா போட்டோவை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டாள்.

"தோள்ல இருக்கிற கையைத்தான் பார்த்தேன். பொட்டியைத் தூக்கியிருக்கிற இந்தக் கையைப் பார்க்கவே இல்ல." பிறகு தயங்கிக் கேட்டாள். "இது என் கோட்டாடி?"

சின்னக்கா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

பெரியக்கா எழுந்து கார் சாவியைத் தேடினாள். கைப்பையைக்கூட டிரைவரிடம் கொடுத்தே பழகியவள்.

"அவருக்குப் போன் பண்ணு. இன்னைக்கு அவர் மாடியிலயே படுத்துக்கட்டும்" என்றாள் என்னிடம். "பொட்டியை நான் போய்த் தூக்கிட்டு வரேன்."